ரோசிலா அம்மாவின் வைஃபையும் மூன்றாவது வாய்தாவும்

முதேத்தே சந்தையில் நான் வேலை பார்க்கும் கைபேசிக் கடைக்கு ரோசிலா முஹோஞ்சா முதன்முதலாக வந்தபோது என்னைப் பார்க்கவில்லை. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த என் பட்டத்தைத்தான் பார்த்தார். எங்கள் கிராமத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதைக் கடையில் மாட்டச் சொன்னது முதலாளி; நான் மறுக்கவில்லை. அது கடை லைசென்ஸா என்று ரோசிலா கேட்டார். கணினி அறிவியல் பட்டம் என்றேன். அப்படியானால் நடுவில் நின்றுபோகாத வைஃபை ஒன்று எடு என்றார்.

சந்தைக்குக் கீழே, ஓடைப் பக்கம், மக்காச்சோளம் அரைக்கும் மில் அவருடையது. மாவு படிந்த புருவத்தோடு வந்திருந்தார். கணவர் இறந்த மறு வருடமே கொழுந்தன் முதாகி, மில் நிற்கும் இடம் தன்னுடையது, அண்ணனுக்குச் சும்மா இரவல் கொடுத்தது என்று சொல்லி, ஆள் போகும் வழியை மட்டும் விட்டு வேலி போட்டுவிட்டார். ரோசிலா வழக்குப் போட்டார். இப்போதெல்லாம் விசாரணை காணொளியில்தான். முதல் வாய்தாவில் அவர் கைபேசியில் படம் உறைந்துவிட்டது. இரண்டாவது வாய்தாவில் வாய் திறந்தபடி உறைந்தது. மூன்றாவது முறையும் பேச முடியாவிட்டால் வழக்கைத் தள்ளுபடி செய்வேன் என்று நீதிபதி சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி.

கடையில் மூன்று வகை ரவுட்டர் இருந்தது. மூன்றையும் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, கனமானதே நல்லது என்று முடிவு செய்தார். கனத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று விளக்கினேன். சிம் போடுவதாக, மின்சாரம் போனாலும் நாலு மணி நேரம் தாங்கும் பேட்டரி உள்ளதாக ஒன்றைக் காட்டினேன். மின்சாரம் போகும் என்பதை மட்டும் அவர் நம்பினார். ஆனால் வாங்குவதற்கு முன் ஓட்டிக் காட்டச் சொன்னார். அவர் மில்லில் புதுக் கல் போட்டால் ஒரு மூட்டை அரைத்துக் காட்டாமல் யாரும் நம்புவதில்லையாம். நகூரு நகரத்தில் இருக்கும் மகளோடு கடையிலேயே ஒரு மணி நேரம் காணொளியில் பேசினார். பேச விஷயம் இருபது நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. மீதி நேரம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படம் உறையவில்லை. வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், கைபேசிக் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலில் ரவுட்டரை வைத்தேன். இணைப்புக்கு என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டேன். ஒரே வளவில், முற்றத்துக்கு அந்தப் பக்கம்தான் முதாகியின் வீடும். தன் பெயர் வேண்டாம் என்றார். கொஞ்சம் யோசித்து, "மில் பழுதுன்னு வை. யாரும் தொட மாட்டாங்க" என்றார். வைத்தேன். நன்றாகவே வேலை செய்தது. பால் தேநீர் கொடுத்து அனுப்பினார்.

திங்கட்கிழமை மதியம் கூப்பிட்டார். சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை என்றார். மோட்டார் சைக்கிள் பிடித்துப் போனேன். ஜன்னலில் ரவுட்டர் இல்லை. எங்கே என்று கேட்டதற்குக் கட்டிலுக்கு அடியைக் காட்டினார். மகள் விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோன இரும்புப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவள் பெயரும் வகுப்பும். பூட்டியிருந்தது. பக்கவாட்டில் வெல்டிங் கடைக்காரர் அழகாக ஒரு துளை போட்டிருந்தார், மின் வயர் நுழைய. ஜன்னலில் வைத்தால் முதாகி கை நீட்டி எடுத்துவிடுவாராம்.

இரும்புக்குள் அலை போகாது, வெளியேயும் வராது என்றேன்.

"என் மக நாலு வருஷம் இதுலதான் சோப்பு, சர்க்கரை, நிலக்கடலை எல்லாம் வச்சிருந்தா. கூட இருந்த பொண்ணுங்க எல்லாம் திருட்டுப் பசங்க. ஒண்ணும் வெளிய போகல."

"அதேதாம்மா நானும் சொல்றேன். ஒண்ணும் வெளிய போகாது."

"இதைச் சொல்லவா படிச்சவரே, உங்க வீட்ல மாட்டை வித்துப் படிக்க வச்சாங்க?" என்று கேட்டுவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். விற்றது இரண்டு மாடு. ரவுட்டர் ஜன்னலுக்குத் திரும்பியது. இரவு முழுவதும் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம்.

செவ்வாய் காலை நானும் போயிருந்தேன். ஒன்பது மணிக்கு நீதிபதி வந்தார். ரோசிலா தெளிவாகத் தெரிந்தார், குரலும் தெளிவாகக் கேட்டது. இந்த முறை உறைந்தது முதாகி. நெற்றியில் பாதியும் கூரையும் மட்டும் தெரிந்தன. எதிர்த்தரப்பு பேச முடியாவிட்டால் நவம்பருக்குத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும் என்றார் நீதிபதி.

ரோசிலா எழுந்தார். "ஐயா, ரெண்டு நிமிஷம்" என்று திரையிடம் சொல்லிவிட்டு முற்றத்தைத் தாண்டி முதாகியின் வாசலுக்குப் போனார். நான்கு வருடமாக இருவரும் பேசியதில்லை. நானும் பின்னால் போனேன்.

"முதாகி, போனை எடுத்துக்கிட்டு என் ஜன்னலுக்கு வெளிய வந்து நில்லு."

"எதுக்கு அண்ணி?"

"நீ பேசணும். பேசினாத்தான் நான் ஜெயிக்க முடியும்."

முதாகி அதைப் பற்றி யோசித்ததாகத் தெரிந்தது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். 'மில் பழுது' என்பதில் சேர வேண்டும் என்றேன். மில் நேற்றுகூட ஓடியதே என்றார். கடவுச்சொல்லை நானே அடித்துக் கொடுத்தேன்.

இரண்டு படத்திலும் ஒரே சேவல் ஒரே நேரத்தில் கூவுவதைக் கேட்ட நீதிபதி, நீங்கள் இருவரும் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னார்கள். அவர் எதையோ எழுதிக்கொண்டார். ரோசிலா, கணவர் பெயரில் இருந்த பத்திரத்தைத் திரைக்குக் காட்டினார். தலைகீழாக இருந்தது, திருப்பினார். இரவல் கொடுத்ததற்கு முதாகியிடம் காகிதம் உண்டா என்று நீதிபதி கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றார் முதாகி. வீட்டில்தானே இருக்கிறீர்கள், எடுத்து வாருங்கள் என்றார் நீதிபதி.

முதாகி நடந்தார். அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் படம் உறைந்தது. கால் மணி நேரம் அப்படியே காத்திருந்தோம். ஜன்னலுக்குத் திரும்பியதும் படம் அசைந்தது. கையில் காகிதம் இல்லை.

"எலி தின்னுடுச்சு ஐயா."

"உன் அண்ணன் காலத்துல இந்த வளவுலயே எலி கிடையாது" என்றார் ரோசிலா. கேட்காமல் பேசக் கூடாது என்று நீதிபதி அவரைக் கண்டித்தார்.

ஐந்து வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. மில் இருக்கும் இடம் ரோசிலாவுக்கு. வேலியை முதாகியே பிடுங்கி, அந்தக் கம்புகளை அடுப்பில் எரித்தார். மேல்முறையீடு செய்யவில்லை.

ரோசிலா அம்மாவுக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. ஞாயிறு தவிர எல்லா நாளும் மில் ஓடுகிறது. சென்ற ஆண்டு இரண்டாவது அரவை எந்திரம் வாங்கினார். மகள் நகூருவில்தான் இருக்கிறாள்.