சிப்பி என்னுடையது, மயில் யாருடையது?

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்று வளர்த்தது ஐந்து, பெறாமல் வளர்த்தது இரண்டு — ஆக ஏழு பேரை ஆளாக்கியிருக்கிறேன். ஏழும் ஒரே தட்டைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்ட காலத்தில்கூட, அது யாருடையது என்று தீர்த்துவைக்க எனக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனதில்லை.

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டுச் சுவருக்கு முன்னால் ஒரு வழக்கு வந்தது. அதைத்தான் தீர்க்க முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி தனுஷா எழுதுகிறாள் — வாராவாரம் பத்திரிகைக்கு அப்படித்தான். அவளுக்கும் விளங்கவில்லையாம். உங்களுக்காவது விளங்குகிறதா பாருங்கள்.

வழக்கு ஒரு மயிலைப் பற்றியது. கடல் சிப்பியில் செய்த மயில். செய்தது நான்.

அக்கரப்பத்தனைத் தேயிலை மலையில் கடல் சிப்பிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் கடைசி மகள் செல்வி நீர்கொழும்பில் குடும்பமாக இருக்கிறாள். போன ஆவணியில் என்னை அழைத்துப் போய் ஒரு வாரம் வைத்திருந்தாள். ஒருநாள் விடியற்காலையில் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். நான் கடலையே கண்டதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கதிர்காமம் போகும்போது பஸ்ஸில் இருந்தபடியே பார்த்திருக்கிறேன். கால் வைத்ததுதான் இல்லை.

கால் வைத்த இடமெல்லாம் சிப்பி! வெள்ளை, ரோஸ், காவி, கறுப்புக் கோடு போட்டது... கொட்டிக் கிடக்கிறது, ஒருவரும் சீண்டவில்லை. எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் குனியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"என்னாம்மா தேடுறீங்க?" என்றாள் செல்வி.

"வாட்சர் எங்கடி?"

"எந்த வாட்சரு?"

"இதையெல்லாம் பாத்துக்குற வாட்சருதான். கேக்காம எடுத்தா ஏசமாட்டானா?"

அவள் சிரித்த சிரிப்பில் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கடலுக்கு ஏதும்மா வாட்சரு! அள்ளுங்க!"

அவள் சிரிப்பாள். சின்ன வயதிலேயே தோட்டத்தை விட்டுப் போனவள். நாங்கள் அப்படியா? காற்றில் முறிந்து விழுந்த சவுக்குக் கிளையைக்கூட விறகுக்கு எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு இழுத்து வருவோம். யாரும் வெட்டவில்லை, தானாக விழுந்ததுதான். ஆனாலும் அது தோட்டத்து மரம்... தோட்டத்துக் காற்று...

கேட்காமல் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒருவர் வலை கோத்துக்கொண்டிருந்தார். போய்ச் சிங்களத்தில் கேட்டேன் — ஐயா, இதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று. அவர் என்னைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். யாரிடம் என்ன கேட்கிறாள் இந்தக் கிழவி என்று அவருக்குக் குழப்பம். பிறகு, "கன்ன அம்மே, கன்ன" என்றார். எடுங்கள் அம்மா, எடுங்கள். நாளைக்கு வந்தால் இன்னும் கிடக்கும் என்று சிரித்தார்.

அப்பாடா! இனி யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது.

குனிந்தேன். இரண்டு கையாலும் அள்ளினேன். அள்ளியதைத் தோளுக்கு மேலாக முதுகுப் பக்கம் வீசினேன். அடுத்த பிடி. அதற்கடுத்த பிடி. செல்வி கத்திய பிறகுதான் முதுகில் கூடை இல்லை என்று தெரிந்தது.

"அம்மா! கடலுக்குக் கொழுந்தா எடுக்குறீங்க?"

திரும்பிப் பார்த்தால் அள்ளியதெல்லாம் எனக்குப் பின்னால் மணலில் கிடக்கிறது. கொழுந்து பறிக்கும் வேலையை விட்டு எவ்வளவோ வருஷமாகிவிட்டது. எனக்குத் தெரியும். கைக்கு யார் சொல்வது?

ஒரு அரிசிப் பை நிறையக் கொண்டுவந்தேன். கொண்டுவந்து கழுவி, எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் காயப்போட்டேன். பக்கத்து வீட்டுப் பாக்கியம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"என்னா பெரியம்மா, கருவாடு கெட்டுப்போச்சா?"

"கருவாடு இல்லடி. கலைப்பொருள்."

செல்வி சொல்லிக்கொடுத்தபடி அட்டையில் பசை தடவி ஒட்டித்தான் பார்த்தேன். நீர்கொழும்பு வெயிலில் அது ஒட்டும். எங்கள் பனியில் ஒட்டுமா? பசை காய்வதற்குள் அட்டை நமத்துப்போய், சிப்பி ஒவ்வொன்றாகக் கழன்று டொக் டொக் என்று விழுந்தது. என் மகன் ரவி மேசன் பாஸ், வீடு கட்டுகிறவன். அவன் வேலை முடித்துக் கொண்டுவந்த மிச்ச சிமெந்து கொஞ்சம் இருந்தது. "குழைச்சுத் தாடா" என்றேன். கதவுக்குப் பக்கத்தில், முன்சுவரில், அதைப் பூசி மயில் ஒன்றைப் பதித்தேன். கழுத்துக்குக் கறுத்த மட்டிச் சிப்பி. தோகைக்கு ரோஸும் காவியும் வரிசை வரிசையாக.

பாக்கியம் வந்து நின்று வெகுநேரம் பார்த்தாள். "சேவல் அம்சமா இருக்கு பெரியம்மா."

"அது மயிலுடி!"

"மயிலுன்னா கொண்டை எங்க?"

அன்று சாயங்காலமே கொண்டை வைத்துவிட்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் கை பறித்த கொழுந்து எந்தெந்தத் தேசத்துக்கோ போயிருக்கிறது. அதெல்லாம் என்ன ஆனது, யார் குடித்தார்கள் — நான் கண்டதில்லை. இந்தக் கை செய்து, என் வாசலிலேயே நின்ற பொருள் இந்த மயில் ஒன்றுதான். காலையில் கதவைத் திறந்ததும் அதைப் பார்ப்பேன். பிறகுதான் தேத்தண்ணி.

பத்து நாள் போயிருக்காது. தோட்டத்து வெளிவேலையைப் பார்க்கும் கண்டக்டர் ஐயா லயத்துப் பக்கம் வந்தார். மயிலுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரைக் கேட்டு சுவத்துல சிமெந்து வச்சீங்க பெரியம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடலைக் கேட்டேனே... சுவரைக் கேட்க மறந்துவிட்டேன்! எனக்குக் கல்யாணமாகி வந்த நாள் முதல் தீபாவளிக்குத் தீபாவளி நான் சுண்ணாம்பு அடித்த சுவர். கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"நான் கடக்கரையில பொறுக்குன சிப்பிங்க ஐயா" என்றேன்.

"சிப்பி ஒங்களுதாவே இருக்கட்டும். சுவரு தோட்டத்துது. இன்னைக்கு நீங்க மயிலு வப்பீங்க, நாளைக்குப் பக்கத்து வீட்டுல யானை வப்பாங்க. எடுத்துருங்க."

எடுக்கிறேன் என்று தலையை ஆட்டினேன். எடுக்கவில்லை. இன்று மழை, நாளை முழங்கால் வலி என்று நாளைக் கடத்தினேன்.

அதற்குள் கதை மாறிவிட்டது. எங்கள் லயத்தை ஒட்டிய பாதையில் வெளிநாட்டுக்காரர்கள் முதுகுப் பையோடு நடந்து போவார்கள். அவர்கள் மயிலுக்கு முன்னால் நின்று படம் எடுக்கத் தொடங்கினார்கள். ஒன்றிரண்டு பேர் என்னையும் பக்கத்தில் நிறுத்தி எடுத்தார்கள். அந்தப் படம் எப்படியோ சுற்றிச் சுற்றிச் தோட்டத்து உதவி மேனேஜர் சின்னத் துரையின் போனுக்குப் போயிருக்கிறது. ஒருநாள் அவரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார். சிங்களப் பிள்ளை. தமிழை ஆசையாகப் பேசுவார்.

"அம்மா, நீங்க செஞ்சதா? ஷோக் அம்மா! எடுக்க வேணாம், இருக்கட்டும்."

பக்கத்தில் நின்ற கண்டக்டர் ஐயாவும், "ஆமா சேர், இருக்கட்டும்" என்றார். எடுக்கச் சொன்ன அதே வாய்!

எனக்கு மகா சந்தோஷம். வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் தொடங்கியது.

ரவிக்குத் தனி வீடு கிடைத்திருக்கிறது. லயத்துக்குக் கீழே, ஆற்றோரமாகப் புதிதாகக் கட்டிய வரிசையில் ஒன்று. தையில் குடிபோகலாம் என்றார்கள். சாமான்களை மூட்டை கட்டினோம். "மயிலையும் கொண்டுபோகணும்டா" என்றேன். அதற்கென்ன, சுவர்ப் பூச்சோடு சதுரமாக வெட்டி எடுத்துவிடலாம் என்றான் ரவி. போன செவ்வாய்க்கிழமை உளியும் சுத்தியலுமாக நின்றான்.

அவன் உளியைச் சுவரில் வைத்ததுதான் தாமதம், கண்டக்டர் ஐயா வேகமாக வந்தார். "ரவி, உளியைக் கீழ வையி."

"ஏன் ஐயா? நீங்கதானே அன்னைக்கு எடுக்கச் சொன்னீங்க?" என்று நான் கேட்டேன்.

"அன்னைக்குச் சொன்னேன் பெரியம்மா. இப்ப அது சுவத்தோட சேந்துபோச்சு. சுவத்தோட சேந்தது தோட்டத்துச் சொத்து."

"அன்னைக்கும் சுவத்தோடதானே சேந்து இருந்துச்சு?"

"அன்னைக்கு அது..." என்று இழுத்தார்.

பாக்கியம் எடுத்துக்கொடுத்தாள். "அன்னைக்கு அது பெரியம்மாவோட குப்பை. இன்னைக்குத் தொரையோட மயிலு."

லயமே சிரித்தது. கண்டக்டர் ஐயாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "நீங்கல்லாம் சிரிப்பீங்க. நாளைக்குத் தொரை வந்து மயிலு எங்கன்னு கேட்டா, பறந்துபோச்சுன்னா நான் சொல்றது? எனக்கும் மேல ஆளு இருக்காங்க."

அதுவும் நியாயம்தானே? அவரும் இந்த லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைதான். ஆனால் எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. அசிங்கம் என்றால் அது நம்முடையது, அழகு என்றால் அது அவர்களுடையது — இதை யார், எப்போது, எங்கே வைத்துத் தீர்மானித்தார்கள்?

யோசித்தேன். எனக்கு யோசனை மெதுவாகத்தான் வரும். ஆனால் வரும்.

"ஐயா, சிப்பி என்னுதுன்னு நீங்க சொன்னது உண்மைதானே?"

"சொன்னேன்..."

"அப்ப சுவரு ஒங்களுக்கு. நான் அதுல கை வெக்கல. சிப்பிய மட்டும் எடுத்துக்கிறேன்."

நான் உள்ளே போய் ஒரு கரண்டியைக் கொண்டுவந்து, அதன் காம்பை முதல் சிப்பியின் ஓரத்தில் விட்டு நெம்பினேன். டப்! கையோடு வந்துவிட்டது. சிப்பியின் உள்பக்கம் வழவழப்பு அல்லவா? சிமெந்து அதைப் பிடிக்கவே இல்லை. டப், டப் என்று தோகை வந்தது. கழுத்து வந்தது. கொண்டையும் வந்தது. சிலது உடைந்தது, மீதி முழுசாக வந்தது. கீழே உருண்ட ஒன்றைக் கண்டக்டர் ஐயாவே குனிந்து எடுத்து என் பையில் போட்டார்.

எல்லாவற்றையும் எடுத்து முடித்து, ஜெயித்த நினைப்பில் பின்னால் தள்ளி நின்று பார்த்தேன்.

மயில் நின்றுகொண்டிருந்தது.

ஒவ்வொரு சிப்பியின் வயிற்றுக்குள்ளும் போயிருந்த சிமெந்து அப்படி அப்படியே காய்ந்து, சிப்பி மாதிரியே சுவரில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. அதே வளைவு, அதே வரிசை. நிறம்தான் இல்லை. சாம்பல் மயில்.

பாக்கியம்தான் மெல்லச் சொன்னாள். "பெரியம்மா... இப்பத்தான் மயிலு மாதிரியே இருக்கு."

கண்டக்டர் ஐயா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என் கையிலிருந்த பையைப் பார்த்தார். "எனக்கே ஒன்னும் வெளங்கல பெரியம்மா" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். மறுநாள் வெளிநாட்டுக்காரர்கள் இருவர் அந்தச் சாம்பல் மயிலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம்.

சிப்பி முழுவதும் என்னிடம். மயில் தோட்டத்திடம். யார் ஜெயித்தது? பையைத் திறந்து திறந்து பார்க்கிறேன். உள்ளே வெறும் சிப்பிதான் இருக்கிறது.

புது வீட்டுக்கு வந்துவிட்டோம். முன்பக்கம் நல்ல வெள்ளைச் சுவர். அதன் முன்னால் பையோடு நின்றேன்.

"ரவி, இந்தச் சுவரு யாருதுடா?"

"நம்மளுதும்மா."

"வீட்டு உறுதிப் பத்திரம் வந்துருச்சா?"

"தாரோம்னு சொல்லியிருக்காங்க. இன்னும் கைக்கு வரல."

"அப்ப இதுல ஒன்னு ஒட்டணும்னா யாரைக் கேக்கணும்?"

அவன் தலையைச் சொறிந்தான். மூன்று ஆபீசின் பெயரைச் சொன்னான். பிறகு அவனே, அங்கேயெல்லாம் இதைக் கேட்க முடியாது என்றான். கடற்கரையில்கூடக் கேட்பதற்கு ஒரு வலைக்காரர் இருந்தார்...

அப்புறம் சேலையைச் செருகிக்கொண்டேன்.

"சிமெந்தைக் குழைடா."

"கேக்காமலாம்மா?"

"கேக்க வேண்டிய ஆளு வரட்டும். வந்தா அவருக்கும் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுத்துக் கேட்டுக்குறேன்."

முதல் சிப்பியை நான்தான் அழுத்தினேன். அடுத்ததுக்குப் பைக்குள் கையை விட்டேன்.

"தனுஷா, இவ்வளவுதான். எங்க, மொதல்லேருந்து ஒருதரம் வாசிச்சுக் காட்டு பாப்போம்... கண்டக்டர் ஐயா பேரை எங்கயும் போட்டுறலியே?"