இரண்டு பாஸ்போர்ட்டும் ஒரு பால்குடிக் குழந்தையும்

மகளுக்கு அப்போது பதினாலு மாதம். பால்குடி இன்னும் மறக்கவில்லை. அவளைக் கணவரிடம் விட்டுவிட்டு மெல்போர்னிலிருந்து ஹைதராபாத்துக்கு விமானம் ஏறினேன். அப்பாவுக்குப் பக்கவாதம் என்று அம்மா போனில் அழுத அழுகையில் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. பத்து நாளில் வந்துவிடுவேன் என்று கணவரிடம் சொன்னேன். நாலு மாதம் ஆயிற்று. என்னை யாரும் கடத்தவில்லை, சிறையிலும் போடவில்லை. மௌலா அலியில், நான் பிறந்து வளர்ந்த வீட்டில், அம்மா கையால் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டுதான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

தப்பு என்னுடையதுதான், முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தப்புக்கு எங்கள் வீட்டில் ஒரு பரம்பரையே உண்டு. தாத்தா ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து இங்கே ரயில்வே பணிமனை வேலைக்கு வந்த புதிதில், நீ யார், அத்தாட்சி எங்கே என்று கேட்டு அலையவிட்டார்களாம். அன்றிலிருந்து எங்களுக்குக் காகிதம் என்றால் சாமி. அப்பாவும் அதே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அரசாங்கம் கொடுத்த எந்தக் காகிதத்தையும் திருப்பிக் கொடுத்தவரில்லை. எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் அவருடைய ரேஷன் கார்டில் என் பெயர் இருந்தது.

நான் ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கியதும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்திருக்க வேண்டும். இரண்டு நாட்டுக் குடிமகளாக இருப்பதை இந்தியா ஏற்பதில்லை. இதை அப்பாவிடம் சொன்னபோது, "நக்கோமா, குடுக்க வேணாம். அதுபாட்டுக்கு இருக்கட்டும். சோறா கேக்குது?" என்றார். எனக்கும் சோம்பல்தான். பாஸ்போர்ட் அலமாரியிலேயே கிடந்தது.

அப்பா விழுந்த அன்று, விசா வாங்க நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். பழைய பாஸ்போர்ட்டில் இன்னும் ஏழு மாதம் பாக்கி இருந்தது. அங்கே கிளம்பும்போது ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டைக் காட்டு, இங்கே இறங்கும்போது இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டு, எல்லாரும் இப்படித்தான் போய்வருகிறார்கள் என்று தெரிந்தவர்கள் தைரியம் சொன்னார்கள். ஹைதராபாத்தில் ஒரு கேள்வி கேட்கவில்லை. முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அந்த நிமிஷம்தான், எனக்குத்தான் உறைக்கவில்லை.

அப்பா பிழைத்துவிட்டார். வாய் கொஞ்சம் கோணியிருந்தது, வலது கை எழவில்லை, அவ்வளவுதான். பத்தாம் நாள் ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் வரிசையில் நின்றேன். குடியேற்ற அதிகாரி இந்தியப் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, ஆஸ்திரேலியா போக விசா எங்கே என்றார். மற்றதை எடுத்துக் கொடுத்தேன். அதையும் புரட்டிவிட்டு, சரி, இதில் இந்தியாவுக்குள் வந்த விசா எங்கே என்றார். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒரு தாளைக் கொடுத்து, நகரத்தில் இருக்கும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார். விமானத்தில் ஏற்றிய என் பெட்டியை இறக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மறுநாள் காலை ஆஸ்திரேலியத் தூதரகத்துக்குப் போன் செய்தேன். அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் கதவு திறந்துவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். அந்த நாட்டுக் குடிமகள் நான், கை தூக்கி உறுதிமொழி எடுத்தவள், வரி கட்டுகிறவள். போனில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டார். எந்தப் பாஸ்போர்ட்டில் உள்ளே வந்தீர்கள் என்றார். சொன்னேன். பக்கத்தில் யாரிடமோ கேட்டார். பிறகு, இந்தியப் பாஸ்போர்ட்டில் நுழைந்திருப்பதால் அவர்கள் உங்களைத் தங்கள் ஆளாகத்தான் நடத்துவார்கள், இன்னொரு நாட்டின் குடியேற்றச் சட்டத்தில் நாங்கள் தலையிட முடியாது, வேண்டுமானால் வழக்கறிஞர்கள் பட்டியல் அனுப்புகிறோம் என்றார். குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். கடைசியில், "இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா?" என்றார்.

"எங்கள் அப்பா வீட்டில் இருக்கிறேன்" என்றேன்.

"அப்படியென்றால் நல்லது" என்றார். அவருக்கு நிம்மதி. எனக்குப் போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

இந்தப் பக்கம் பதிவு அலுவலகத்தில் நேர் எதிராகச் சொன்னார்கள். நீ அங்கே உறுதிமொழி எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விட்டது, அதற்குப் பிறகு இந்தப் பாஸ்போர்ட்டில் வந்தது குற்றம், விசாரணை முடியட்டும், அபராதம் கட்டு, பாஸ்போர்ட்டை ஒப்படை, அப்புறம் வெளியேற அனுமதி தருகிறோம் என்றார்கள். அவர்களுக்கு நான் வெளிநாட்டுக்காரி, தூதரகத்துக்கு உள்ளூர்க்காரி. முகவரிக்கு ஆதாரம் கேட்டார்கள் என்றதும் அப்பா இடது கையால் ரேஷன் கார்டை எடுத்துக் கொடுத்தார். இதற்குத்தான் வைத்திருந்தேன் பார் என்பது போல அந்தக் கோணல் வாயில் ஒரு சிரிப்பு. நானும் புத்தி கெட்டுப்போய் அதைக் கொண்டுபோய் நீட்டினேன். குடியுரிமை போனவளின் பெயர் இதில் எப்படி இன்னும் இருக்கிறது என்று அதற்குத் தனியாக ஒரு விசாரணை கிளம்பியது. அதில் மட்டும் ஆறு வாரம் போயிற்று.

"ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலுன்னு நின்னா இப்டித்தான்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு தோசை போட்டாள்.

முதல் வாரம் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பீய்ச்சிக் கொட்டினேன். பெற்ற பிள்ளை ஒரு கண்டத்தில் அழ, நான் இங்கே பாலைச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றரை மாதம் கழித்து ஒருநாள் காலையில் ரவிக்கை நனையவில்லை. அப்பா ஐசியூவில் கிடந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடட்டுமா என்று கணவர் கேட்டார். என் கோப்பு திறந்து கிடக்கும்போது அவளும் வந்து மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்து நான்தான் வேண்டாம் என்றேன்.

தினம் இரண்டு முறை வீடியோவில் அவளைப் பார்த்தேன். ஆரம்பத்தில் திரையை அடித்து அடித்து அழுதாள். பிறகு அழுகை நின்றது. திரைக்கு முத்தம் கொடுத்தாள், சோற்றை ஊட்டிவிட்டாள். அந்த மாதங்களில்தான் "அம்மா" என்று சொல்லவும் கற்றுக்கொண்டாள். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் அப்பா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் இழுத்துக்கொண்டு வந்தது. "நாந்தாம்மா உன்னெ கட்டிப் போட்டுட்டேன்" என்றார். அதெல்லாம் இல்லைப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். எந்த மகளும் அதைத்தான் சொல்வாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதை நினைத்து இன்றைக்கும் கூசுகிறேன்.

நாலாம் மாதக் கடைசியில் அனுமதி வந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டை ரத்து செய்தார்கள். அடுத்த நாளே கிளம்பினேன்.

மெல்போர்னில் கணவர் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முடி வளர்ந்து குடுமி போட்டிருந்தாள், பல் நிறைய முளைத்திருந்தது. நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் முகத்தைத் திருப்பி அவர் தோளில் புதைத்துக்கொண்டாள்.

"அம்மா வந்துட்டா பாரு, அம்மா எங்க?" என்றார் அவர்.

அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். தலையை நிமிர்த்தினாள். அவர் சட்டைப் பையிலிருந்து போனை உருவி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாத அந்தத் திரையைப் பார்த்து, "அம்மா, அம்மா" என்று என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள்.