முருங்கைப் பூவுக்கு வந்தவர்கள்

மகள் எம்.எஸ்சி. விலங்கியல் படித்த இரண்டு வருடமும் சனிக்கிழமைதோறும் அவளைப் பார்க்கப் போனது நான்தான். வத்தலக்குண்டில் பஸ் ஏறி, நிலக்கோட்டை வழியாகப் போய்க் கொடைரோட்டில் இறங்கி, திண்டுக்கல் வண்டி மாறினால் பல்கலைக்கழக வாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம். என் மனைவி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். சனிக்கிழமை அவளுக்கு டியூட்டி. நான் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவன். வேலை பார்த்த காலத்தில் பாதிக்கு மேல் கொடைக்கானல் மலைப்பாதையில்தான் ஓட்டினேன். பயணியாக ஜன்னலோரம் உட்கார்ந்து போவது எனக்குப் பழகவே நாளானது. முன்னால் டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் என் வலது காலும் தரையை அழுத்தும்.

ஒரு பையில் மகள் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வெஞ்சனம் இருக்கும். இன்னொரு பையில் என் பின்னல் ஊசிகளும் உல்லன் நூலும்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற மாதம் டாக்டர் பீடியை விடச் சொன்னார். விட்டேன். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. சட்டைப் பையைத் தடவும், தீப்பெட்டியைத் தேடும். என் மனைவி, வார்டில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்காக வீட்டில் தொப்பி பின்னுகிறவள். ஒருநாள் ஊசி இரண்டையும் என் கையில் திணித்தாள்.

"இந்த வெயில்ல எந்தப் புள்ளைக்கு உல்லன் தொப்பி?" என்றேன்.

"ஒன்றரைக் கிலோல பொறந்த புள்ளைக்கு எந்த ஊரும் குளிருதாங்க. பையத் தடவிக்கிட்டே இருக்கிற கை, நாலு தொப்பி பின்னட்டும்."

நான் பின்னிய முதல் தொப்பி ஒரு எலுமிச்சம்பழத்துக்குக்கூடச் சேரவில்லை. பத்தாவதோ பதினொன்றாவதோ ஒரு குழந்தையின் தலையில் ஏறியது. மனைவி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். அதன் பிறகு நான் நிறுத்தவில்லை.

விடுதிக்கு வெளியே பெற்றோர் காத்திருக்க ஒரு கொட்டகை உண்டு. அங்கே மற்ற அப்பாக்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பின்னிக்கொண்டிருப்பேன். முதல் தடவை மகள் வந்து பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அப்பா, இத இங்க வச்சுத்தான் பின்னணுமா?" என்றாள். பையில் வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து அவளே, "என்னப்பா, ஊசியக் காணோம்? என் ரூம்ல எல்லாரும் கேக்குறாளுங்க" என்றாள். அத்தோடு அந்தக் கூச்சம் தீர்ந்தது.

கடைசிப் பருவத்தில்தான் என் சனிக்கிழமைகள் மாறின. ஒரு நாள் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, அடுத்த வாரத்துல இருந்து விடியக்காலம் வர ஏலுமா? ஆறு மணிக்கெல்லாம் தோப்புல இருக்கணும்."

"எந்தத் தோப்புத்தா?"

"முருங்கைத் தோப்பு. பூவுக்கு என்னென்ன வண்டு வருது, எத்தன மணிக்கு எம்புட்டு வருதுன்னு எண்ணணும். அதுதான் என் ஆய்வு. தனியாப் போகக் கூடாதுங்கிறாங்க. கூட வந்துக்கிட்டிருந்தவ மஞ்சக்காமாலைல ஊருக்குப் போயிட்டா."

"உக்காந்து வண்டு எண்ணுறதுக்கா ரெண்டு வருசம் படிச்ச?"

அவள் கோபப்படவில்லை. "வந்து பாருங்க" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை முதல் வண்டியைப் பிடித்துப் போனேன். வாசலில் தயாராக நின்றாள். அங்கிருந்து பத்து நிமிட நடை. பனி விலகாத தோப்பில் மரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. சில பூங்கொத்துகளில் சிறிய அட்டைகள் கட்டி எண் போட்டு வைத்திருந்தாள். மூன்று கொத்துகள் தெரியும்படி ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தனக்குப் பின்னால் எனக்கு ஒரு சாக்கை விரித்தாள். இனிமேல் அசையக் கூடாது, கால் மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பேசலாம் என்று சொன்னாள்.

"பின்னலாமா?" என்றேன்.

யோசித்தாள். பிறகு அவள் செய்தது இன்னும் எனக்கு ஆச்சரியம்தான். கால் மணி நேரம் என்னைப் பின்னச் சொல்லி எண்ணினாள். அடுத்த கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லி எண்ணினாள். மாற்றி மாற்றி ஆறு முறை. கடைசியில் நோட்டைப் பார்த்து, "பெருசா வித்தியாசம் இல்ல. பின்னுங்க" என்றாள். பின்னலாம், பின்னக் கூடாது என்று அவள் வாயில் வந்ததைச் சொல்லிவிடவில்லை. வண்டுகளிடமே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

அன்றைக்குத்தான் கருவண்டையும் ஒழுங்காகப் பார்த்தேன். கட்டைவிரல் பருமன், மினுமினுக்கும் கறுப்பு, இறக்கையில் வெயில் பட்டால் ஊதா. அது வந்து உட்கார்ந்ததும் முழுக் கொத்தும் தாழ்ந்து ஆடியது. போன பின்னும் செத்த நேரம் ஆடிக்கொண்டிருந்தது. அது பூவுக்குள் முண்டும்போது முதுகில் மகரந்தம் மஞ்சளாக அப்பியது. வெயில் ஏற ஏற இரைச்சல் கூடியது. அம்புட்டு உயிரும் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. இத்தனை வருடம் பூத்த முருங்கை மரங்களைக் கடந்து பஸ் ஓட்டியிருக்கிறேன். என்ஜின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்டதில்லை.

அதைவிட மகளைத்தான் அதிகம் பார்த்தேன். சின்ன வயதில் என் பஸ்ஸில் அவளைக் கூட்டிப் போனால் வத்தலக்குண்டிலிருந்து மலையடிவாரம் போவதற்குள் நாலு சீட் மாறிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்கு முட்டிபோட்டு நிற்கும் நேரம்கூடச் சும்மா இருக்கமாட்டாள். அந்தப் பிள்ளை மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் நகரும், பென்சில் மட்டும் நகரும். ஒரு தேனீ அவள் புறங்கையில் இறங்கி நடந்து விரல் நுனி வரை போய்ப் பறந்தது. அவள் அதையும் பார்த்தாள், பூவையும் விடவில்லை. இது யாரிடமிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். என்னிடமிருந்து இல்லை.

நான்காவது வாரம் ஒரு தப்பு நடந்தது. என் தப்புதான். வீட்டில் வெள்ளை நூல் தீர்ந்துபோய் எலுமிச்சை மஞ்சள் நூல்கண்டை எடுத்துப் போயிருந்தேன். பாதித் தொப்பி மடியில் இருந்தது. எட்டு மணி வாக்கில் சின்னச் சின்னத் தேனீக்கள் என்னைச் சுற்ற ஆரம்பித்தன. ஒன்று நூல்கண்டில் உட்கார்ந்து இழைக்குள் முகத்தை நுழைத்தது. எனக்குச் சிரிப்பு. மெதுவாக, "ஏத்தா, இங்க பாரு" என்றேன்.

திரும்பிப் பார்த்தவள் சிரிக்கவில்லை. "எத்தன மணில இருந்துப்பா இந்த நூலு வெளிய இருக்கு?"

"வந்ததுல இருந்து."

அவள் நோட்டைத் திருப்பி அன்று காலை எழுதிய ஐந்து பக்கத்துக்கும் குறுக்கே கோடு போட்டாள். ஓரத்தில் காரணம் எழுதினாள்.

"ஏன்த்தா? ரெண்டு மூணு தேனீதான வந்துச்சு. யாரு கேக்கப் போறா?"

"பூவுக்கு வந்த கூட்டமா, நூலுக்கு வந்த கூட்டமான்னு எனக்கே தெரியலப்பா. தெரியாதத எப்படி எழுத?"

இருட்டில் எழுந்து வந்து, பனியில் உட்கார்ந்து எடுத்த கணக்கு. என் மேல் ஒரு சொல் கோபம் இல்லை. "அடுத்த வாரம் பழுப்பு நூலு கொண்டாங்க" என்றாள், அவ்வளவுதான். கொடைரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. வருத்தத்தில் இல்லை. அவளிடம் ஒரு பெரிய மனுஷியைக் கண்டுவிட்ட மாதிரி இருந்தது.

தோப்புக்காரர் ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே இருந்து வந்து இங்கே நிலம் வாங்கியவர். என் வயதிருக்கும். ஆரம்பத்தில் எங்களைப் பார்த்தாலே அவருக்கு வேடிக்கை. "ஏனுங்க, பாப்பா பூவப் பாக்குது, நீங்க கம்பளி பின்றீங்க. எந்த வேலைக்குங்க சம்பளம்?" என்பார். ஒரு சனிக்கிழமை ஆட்களோடு மருந்து டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தார். மொட்டில் புழு விழுந்திருந்தது. மகள் எழுந்து அவரிடம் போனாள்.

"இப்ப அடிக்காதீங்கய்யா. காலைல ஆறுல இருந்து ஒம்பதுக்குள்ளதான் இந்தத் தோப்புக்கு முக்கால்வாசி வண்டு வருது. ஏழு வாரமா எழுதியிருக்கேன், பாருங்க. இப்ப அடிச்சா புழுவோட இதுகளும் சாகும். இதுக வரலன்னா காய் பிடிக்கிறது குறையும். சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேல அடிங்க."

அவர் நோட்டை வாங்கி, கையை நீட்டி எட்டத்தில் பிடித்துப் படித்தார். "மருந்தே அடிக்காம ஓட்ட முடியுமுங்களா?"

"அது எனக்குத் தெரியாதுய்யா. நான் அதப் படிக்கல. தெரிஞ்சவங்க நம்பர் வாங்கித் தாரேன்."

அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் ஆட்களிடம், "டிரம்ம எறக்கி வைங்கப்பா. அம்மணி சொல்லுது, சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றார். அதுவரை அவர் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

பூ முடியும் காலம் நெருங்கியபோது மகளுக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. ஒரே நேரத்தில் தோப்பின் இரண்டு ஓரத்திலும் எண்ண வேண்டுமாம். "நீங்க எண்ணுவீங்களாப்பா?" என்று கேட்டாள். எண்ணுவதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். முதலில் இரண்டு பேரும் ஒரே கொத்தைப் பார்த்து எண்ணினோம். என் கணக்கு முப்பத்தொன்று. அவள் கணக்கு நாற்பத்து நாலு.

"கொசுத்தேனீ பூராத்தையும் விட்டுட்டீங்க."

"கொசுன்னு நெனச்சேன்."

"கொசுவுக்குப் பின்னங்கால்ல மகரந்தம் ஒட்டியிருக்குமா? காலப் பாருங்க."

அன்றிலிருந்து ஊசியைப் பையை விட்டு எடுக்கவில்லை. வாரநாட்களில் எங்கள் தெருவில் இருக்கும் முருங்கை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பழகினேன். போகிறவர்கள், "என்னண்ணே, காய் களவு போகுதா?" என்று கேட்டார்கள். நாலாம் நாள் கண் திறந்தது. அதுவரை வெறும் காற்று என்று நினைத்த இடத்தில், எள்ளளவு உயிர்கள் இரண்டு காலிலும் மூட்டை கட்டிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தன. உள்ளே ஓடிப் போய் மனைவியைக் கூட்டி வந்து காட்டினேன். "ஆமாங்க! எம்புட்டு!" என்று அவளும் வாயைப் பிளந்தபடி நின்றாள்.

இரண்டு சனிக்கிழமை கழித்து என் கணக்கும் மகள் கணக்கும் ஒன்றிரண்டு வித்தியாசத்தில் வந்து நின்றன. அதன் பிறகுதான் என்னைத் தோப்பின் அடுத்த ஓரத்துக்குத் தனியாக அனுப்பினாள்.

வாய்மொழித் தேர்வு அன்று மனைவி லீவு போட்டு வந்தாள். நாங்கள் துறையின் நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு பாதி திறந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் இங்கிலீஷும் தமிழும் கலந்து கேட்டார். பாதி எங்களுக்குப் புரியவில்லை. மகளின் குரல் மட்டும் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராகக் கேட்டது.

"இந்த ரெண்டாம் பார்வையாளர் யாரும்மா?"

"எங்கப்பா சார்."

"சொந்த அப்பா எண்ணுனத எப்படிம்மா நம்புறது? மகளுக்குச் சாதகமா எண்ண மாட்டாரா?"

மனைவி என் கையைப் பிடித்தாள்.

"அவர் மொதல் நாள் எண்ணுனது பதிமூணு குறைஞ்சது சார். அதையும் பின்னிணைப்புல போட்டிருக்கேன். என் எண்ணிக்கையோட அவரோடது ஒத்து வர்ற வரைக்கும் அவர் எழுதுனது ஒண்ணையும் நான் எடுத்துக்கல."

உள்ளே தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. அப்பா என்பதற்காக அவள் என்னை நம்பவில்லை. சோதித்துப் பார்த்த பிறகு நம்பினாள். அதைவிடப் பெரிய மரியாதையை யாரும் எனக்குத் தந்ததில்லை என்று தோன்றியது.

முடிந்து முதலில் வெளியே வந்தவர் தேர்வாளர்தான். என்னைப் பார்த்ததும் நின்றார். நான் எழுந்தேன்.

"நீங்கதானா அந்த ரெண்டாம் பார்வையாளர்? கொசுத்தேனீய எப்படிங்க அடையாளம் பாப்பீங்க?"

"பின்னங்கால்ல மூட்டை இருக்கும் சார். பூவுல எறங்குறதுக்கு முன்னாடி ஒரு எடத்துலயே செத்த நேரம் நிக்கும். கொசு அப்படி நிக்காது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் ஆய்வேட்டை மார்போடு அணைத்தபடி வந்தாள். முகமெல்லாம் வேர்வை. "ஒரு எடத்துலயே நிக்கும்னு நான் சொல்லித் தரலயேப்பா?" என்றாள்.

"இல்லத்தா. நானாப் பாத்தது."

"மொதல்லயே சொல்லியிருந்தா எழுதியிருப்பேன்ல" என்று சொல்லிவிட்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். "அது எத்தன வினாடி நிக்கும்? சொல்லுங்க."