தட்டிப் பாத்தியா?

இந்த நாட்டுக்காரர்கள் நல்லதாக ஏதாவது சொல்லிவிட்டால் உடனே மேசைக்கு அடியில் கையை விட்டுத் தட்டுவார்கள். "இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குச் சளியே பிடிக்கவில்லை" என்பார்கள், தட்டுவார்கள். பெயிண்ட் அடிக்காத மரமாக இருக்க வேண்டுமாம், அதனால்தான் மேசையின் அடிப்பக்கம். நாம் திருஷ்டி கழிப்பதுபோல இது அவர்களுடைய வழக்கம். நெதர்லாந்துக்கு வந்த முதல் மாதத்தில் எனக்கு இது தெரியாது. என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் விலெம், சாப்பாட்டு நேரத்தில், "இந்த மாதம் ஒரு பீஸ்கூடத் திரும்பி வரவில்லை" என்று சொல்லிவிட்டு மேசையை அடியில் தட்டினார். நான் குனிந்து பார்த்தேன். "மேசையில் என்ன கோளாறு?" என்று கேட்டேன். கேன்டீனே சிரித்தது. என்னைக் குற்றம் சொல்லவும் முடியாது. தட்டிப் பார்ப்பதுதான் என் உத்தியோகம்.

ஒரு புது ரகப் பயணிகள் விமானத்துக்கு இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் மடலை எங்கள் தொழிற்சாலை செய்கிறது. உலோகம் இல்லை, ஃபைபர். கருப்புத் துணிபோன்ற இழைகளைப் பிசினோடு அடுக்கி, அடுப்பில் வேகவைத்து எடுப்பார்கள். அது முதலில் ஸ்கேன் இயந்திரத்துக்குப் போகும், பிறகு என்னிடம் வரும். சிறு சுத்தியலால் ஒவ்வொரு விரற்கடைக்கும் தட்டிக் காது கொடுப்பேன். உள்ளே அடுக்குகள் ஒட்டியிருந்தால் கணீரென்று கேட்கும். விட்டிருந்தால் 'தொப்'பென்று மந்தமாக விழும். சென்னையில் டிப்ளமோ படித்து, காற்றாலை இறக்கை செய்யும் கம்பெனியில் கற்றுக்கொண்ட வேலை இது. ஆனால் அந்த மந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது பழவேற்காட்டில், எங்கள் வீட்டுப் படகில்.

உலகத்தில் இந்த அளவு விமானம் செய்கிறவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். நாங்கள் ஒரு கம்பெனிக்குச் செய்கிறோம். அதற்குப் போட்டியான கம்பெனியின் புது விமானத்தில் ஒரு கதவு நடுவானில் பிய்ந்துவிட்டதாம், அந்த ரகம் எல்லாவற்றையும் தரையிறக்கிவிட்டார்கள் என்று ஒரு நாள் செய்தி வந்தது. அன்று கேன்டீனில் யாரோ கேக் வாங்கி வந்து வைத்திருந்தார்கள். "அவர்களுடைய கதவு பறக்குமாம், விமானம் பறக்காதாம்" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை, அங்கே ஆர்டர் குறைந்தால் இங்கே வேலை நிலைக்கும், அவ்வளவுதான். விலெம் எனக்கும் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தார். ஒரு வாய் தின்று தட்டைத் தள்ளி வைத்தேன். "இனிப்பு அதிகமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டில் தோணிரேவுக்கு அந்தப் பக்கம், ஏரித் தண்ணீரை ஒட்டி இருக்கிறது. ஃபைபர் படகு வந்த புதிதில் குப்பத்தில் அதை முதலில் வாங்கியவர் என் அப்பா, நைனா. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் செய்தது. சில மாதம் கழித்துத் தேசப்பன் மாமா எளாவூர் தாண்டி ஆந்திராவிலிருந்து ஒன்று இறக்கினார். அதிலிருந்து குப்பம் இரண்டு கட்சியானது. 'மீஞ்சூர் போட்டு வெயில்ல அப்பளம் மாதிரி பொங்குது' என்று அவர்கள் சொல்வார்கள். 'ஆந்திரா போட்டுல பாதி கோணிச் சாக்கு' என்று நாங்கள் சொல்வோம். நாங்கள் என்றால் நானும்தான். பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் அந்தக் கோணிச் சாக்குக் கதையைப் பரப்பியதில் எனக்குப் பெரிய பங்குண்டு.

ஒரு வெயில் நாளில் படகைக் கரையில் ஏற்றிக் கழுவும்போது, எஞ்சின் மாட்டும் பின்பலகையில் என் கை முட்டி இடித்தது. தொப்பென்று கேட்டது. பக்கத்தில் தட்டினேன், கணீர். மறுபடி அங்கே, தொப். மெல்லிய ஒரு கீறலும் ஓடியிருந்தது. நைனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கத்தாத கண்ணு. தேசப்பன் காதுல வுழுந்தா ஊரெல்லாம் தமுக்கு அட்ச்சிடுவான்."

"ஒடஞ்சா இன்னா நைனா பண்றது?"

"ஒடையாது. நான் பாத்துக்கறேன்."

பட்டி பார்த்து, மேலே நீலப் பெயிண்ட் அடித்துவிட்டார். பட்டறைக்காரனைக்கூடக் கூப்பிடவில்லை, அவன் வந்தால் எதற்கு வந்தான் என்று கேள்வி வருமே. கொஞ்ச நாள் கழித்து முகத்துவாரத்தில், ஏரி கடலில் சேர்கிற இடத்தில் அலை ஏறியிருந்த ஒரு காலையில், அந்தப் பலகை எஞ்சினோடு பிய்ந்து தண்ணீருக்குள் போனது. நைனாவும் சித்தப்பாவும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். அவர்களைத் தூக்கிப்போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தது தேசப்பன் மாமாவின் படகு.

மறுநாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, நைனாவுக்கு எதிரில் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"மச்சான், நம்ம போட்லயும் அதே எடம்தான். போன மாசமே வுட்டுக்கிச்சு. பெயிண்ட் அட்ச்சி மறச்சி வெச்சிகீறேன்."

நைனாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அம்மா நண்டு கழுவிக்கொண்டிருந்த கையோடு வாசலுக்கு வந்தாள். "ரெண்டு பேருக்கும் வெக்கமா இல்ல? பொண்டாட்டி புள்ளிங்களவிட ஒங்களுக்குப் போட்டு பெருசாப் பூட்ச்சா?" என்றாள். இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தக் குனிந்த தலைகள்தான் கேக் தட்டுக்கு முன்னால் எனக்குத் தெரிந்தன.

அடுத்த வசந்தத்தில் எங்கள் விமானத்தைப் பற்றியே பேச்சு கிளம்பியது. இறக்கை நடுங்குகிறதாம், கம்பெனி மறைக்கிறதாம். யார் சொன்னது, எங்கே நடந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. எதிர்க் கம்பெனி கிளப்பிவிட்டது என்று கேன்டீனில் எல்லாரும் சாதித்தார்கள். அதே சமயத்தில் நைனா என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. அம்மா இறந்து ஓராண்டாகியிருந்தது. அவர் விமானம் ஏறியதே இல்லை. சென்னையிலிருந்து அவருக்கு நான் எடுத்திருந்த டிக்கெட் அந்தப் புது ரக விமானத்தில்தான். மதிய இடைவேளையில் வீடியோவில் வந்தார்.

"வாட்ஸ்அப்ல இன்னாமோ போட்டுகீறானுங்க கண்ணு. அந்த ப்ளேனு ரெக்க ஆடுதாமே? தேசப்பன் போவாதன்றான்."

"அதெல்லாம் வதந்தி நைனா."

"வதந்திய வுடு. நீ தட்டிப் பாத்தியா?"

"எல்லாத்தையும் தட்டித்தான் அனுப்பறேன்."

"அப்ப சரி. வரேன்."

அதற்கடுத்த வாரம், ஸ்கேன் இயந்திரம் சரி என்று பச்சை காட்டிய ஒரு மடலில், கீல் பொருந்தும் இடத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, தொப்.

எங்கள் தரப் பிரிவுத் தலைவி மரைக்கா. பெயரைக் கேட்ட நாளிலேயே எங்களூர் மரைக்காயர் தெரு நினைவுக்கு வந்ததால் அவரிடம் எனக்கு ஒரு ஒட்டுதல். அவரிடம் போய், "ஒருவேளை ஏதோ இருக்கலாம்போலத் தோன்றுகிறது" என்று டச்சில் சொன்னேன். ஒருவேளை என்பதற்கு அவர்கள் மொழியில் 'மிஸ்கீன்'. எங்களூரில் பாவப்பட்டவர்களை அப்படிச் சொல்வோம். நம் வழக்கப்படி மேலதிகாரியிடம் பணிவாகப் பேசியதாக எனக்கு நினைப்பு. அவருக்குக் கேட்டதோ, 'நிச்சயமாக எதுவும் இல்லை' என்று. "நன்றி செல்வி, அப்படியானால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு" என்றார்.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விலெம் பக்கத்தில் வந்து மெதுவாக, "இயந்திரம் சரி என்கிறது. இப்போது இந்தச் செய்தி வெளியே தெரிந்தால் எதிர்க் கம்பெனியில் கேக் வெட்டுவார்கள்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு நீலப் பெயிண்டின் வாடை அடித்தது. திரும்பவும் மரைக்காவிடம் போய், "இல்லை. இது கெட்டுப்போன பீஸ். நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை, வியப்போடு பார்த்தார். "இதை நீ முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

அறுத்துப் பார்த்தார்கள். பிசின் துணியின்மேல் பாதுகாப்புக்கு ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள், உரிக்காமல் விட்டது, அடுக்குகளுக்கு நடுவில் அப்படியே கிடந்தது. சந்தேகத்துக்கு இடம் வைக்காமல், அதே துணிச் சுருளில் செய்த எல்லாவற்றையும் திருப்பி எடுக்கவேண்டி வந்தது. சில ஏற்கெனவே விமானங்களில் ஏறியிருந்தன. கம்பெனி தானாகவே அறிவித்து, அந்த விமானங்களை நிறுத்தியது. நைனாவின் பயணமும் தள்ளிப்போனது. கம்பெனி சொல்லாத விவரங்களும் பத்திரிகைகளில் வந்ததும், உள்ளிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. என்னைப் பார்த்ததும் அந்தப் பேச்சு நின்றுவிடும். விலெம் வேறு மேசைக்கு மாறினார். அந்தக் கோடையில் பெரும்பாலும் தனியாகத்தான் சாப்பிட்டேன். நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் அன்னிக்குப் பண்ணாதத நீ பண்ணிட்ட கண்ணு. துன்னியா இல்லியா?" என்று கேட்டார்.

கோடை முடிகிற சமயம், எதிர்க் கம்பெனிக்குப் பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றிலிருந்து இருவர் வந்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தோம் என்று பார்க்க வேண்டுமாம். அவர்களும் அதே துணியைத்தான் பயன்படுத்துகிறார்கள், அவர்களுக்கும் சந்தேகம். மரைக்கா என்னிடம் அனுப்பினார். தூக்கமில்லாத கண்களோடு இருந்த அந்த இருவருக்கும் நல்ல பீஸையும் கெட்டதையும் மாற்றி மாற்றித் தட்டிக் காட்டினேன். மூன்றாம் தடவையில் அவர்களில் ஒருவர் முகம் மாறியது, கேட்டுவிட்டது அவருக்கு. திரும்பிப் பார்த்தால், விலெம் தட்டில் நான்கு காப்பியோடு நின்றுகொண்டிருந்தார். எனக்கும் ஒன்று. "உன் அப்பா எப்போது வருகிறார்?" என்று மட்டும் கேட்டார்.

இலையுதிர் காலத்தில் நைனா வந்தார். மடல்களெல்லாம் மாற்றப்பட்ட அதே ரக விமானத்தில், இறக்கைக்குப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து. "எறங்கும்போது அது கீய வந்துச்சு கண்ணு, நான் பாத்துக்கினே இருந்தேன்" என்றார். வேலைக்கு அழைத்துப்போய் விலெமிடம் அறிமுகப்படுத்தினேன். நைனா தமிழில் பேச, அவர் டச்சில் பேச, இருவரும் கைகளை விடாமல் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர் என்று விலெம் கேட்டார். பழவேற்காட்டின் ஆங்கிலப் பெயரைச் சொன்னேன், புலிக்காட். 'காட்' என்றால் டச்சில் பூனை. "பூனையின் பெயரா?" என்றார். உங்கள் ஆட்கள் எங்களூரில் பல தலைமுறை இருந்தார்கள் என்றேன். "நாங்களா? அது இந்தோனேசியா அல்லவா?" என்றார்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனாவோடு நடந்து போனபோது, தேவாலயத்துக்குப் பின்னால் பழைய கல்லறைகளைப் பார்த்து நின்றுவிட்டார். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தை அவர் தினம் கடந்து போகிறவர். குனிந்து, ஒரு கல்லில் பாசிக்கு அடியில் இருந்த எழுத்தை விரலால் தடவினார்.

"நம்மூர்ல கீற எழுத்துதானே இது? அங்க படுத்துகீறவங்க சொந்தக்காரங்களா இவங்க?"

"இருக்கலாம் நைனா."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல அந்தக் கல்லிடம் சொன்னார்: "ஒங்க ஆளுங்க அங்க நல்லா கீறாங்க. நாங்க பாத்துக்கறோம். எம்பொண்ணு இங்க கீறா, பாத்துக்கோங்க."

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர்களுக்குத் தமிழ் தெரியாதே என்கிற பார்வை. நான் அவர் பக்கத்தில் நின்று, அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் டச்சில் சொன்னேன்.