லேத்தைத் தொடாத டிரெய்னிங்

இன்று கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர், தொண்ணூறுகளில் நான் டிரெய்னிங் போன பம்ப் கம்பெனியின் மேனேஜர்.

அப்போது நான் மெக்கானிக்கல் டிப்ளமோ மாணவி. இரும்பைக் கடையும் லேத் மெஷின் பக்கம் போனாலே, "அங்கெல்லாம் எண்ணெய்ப் பிசுக்குங்க அம்மணி, ஆபீஸ்லயே உக்காருங்க" என்பார் அவர். அந்த மரியாதையில் மாதம் முழுக்க அவருடைய கடிதங்களை டைப் அடித்தேன். 'லேத்தில் சிறந்த பயிற்சி பெற்றார்' என்ற என் சான்றிதழையும் நானே அடித்தேன். கையெழுத்து மட்டும் அவருடையது.

அதை நம்பி வேலை கொடுத்த இடத்தில் லேத்தை ஓட்டத் தெரியாமல் நின்றேன். மூன்றாம் நாளே போகச் சொல்லிவிட்டார்கள்.

இன்று ரசம் ஊற்றும்போது, நான் அங்கே டிரெய்னிங் எடுத்தவள் என்றதும் அவர் பெருமையாகச் சொன்னார்: "நம்ம கம்பெனி சர்டிபிகேட்டுன்னா தனி மதிப்புங்க."

"தெரியுமுங்க. என்னோடதை டைப் அடிச்சதே நான்தானுங்க" என்றேன்.

மோருக்குக்கூட அவர் உட்காரவில்லை.

உங்கள் சான்றிதழை அடித்தது யார்?