ஒபுரா மேட்டுக்குக் குடி போனது

என் தம்பி மெஷாக் ஒபுரா வென்றவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நீர்யானை கவிழ்த்த படகை நீந்தியே கரைக்குத் தள்ளி வந்தான்; உடைந்த பலகைகளை மாற்றி மறுபடி ஏரியில் இறக்கினான். "மீன் நாத்தம் அடிக்கிற வீட்டுக்குப் பொண்ணு தரமாட்டேன்" என்று சொன்னவரின் மகள் அகெயோவைக் கட்டினான். அதே மாமனார் பிறகு அவன் பிடித்த மீனைத் தவிர வேறு மீன் தொடவில்லை. கல்லும் முள்ளுமாகக் கிடந்த மேட்டு நிலத்தைச் சுத்தம் செய்து சோளம் விளைவித்தான். எல்லாவற்றையும்விடப் பெரியது அவன் மகள் அடோயோ. ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் நோயோடு பிறந்தவள். பள்ளிக்கூடம் போகும் வயது வரை தாங்கமாட்டாள் என்றார்கள். இன்று என் தோள் உயரம் இருக்கிறாள். கடைசியாக, எழுத்து. நான் ஏழாம் வகுப்பு வரை போனேன். அவன் அப்பாவோடு படகில் போனான்.

கொரோனா வந்த வருஷம் ஏரியும் ஏறி வந்தது. ஏரிக்கரை ஊரான கெண்டு பேயில் எங்கள் அப்பா வீட்டு வளாகத்துக்குள் தண்ணீர் புகுந்தது. அம்மாவின் வீடு சற்று உயரத்தில் இருந்ததால் தப்பியது. ஒபுராவின் வீட்டில் முழங்கால் அளவு நின்றது.

"ஒபுரா, இனிமே உனக்குப் படகு எதுக்குடா? கட்டில்ல உக்காந்தே வலை போடலாமே!" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீர்தான்.

மேட்டில் நிலம் இருந்தும் அவனால் உடனே குடி போக முடியவில்லை. எங்கள் லுவோ இனத்து வழக்கத்தில் ஒரு மகன் தனி வளாகம் போடுகிறான் என்றால் அவன் அப்பா முன்னால் நடக்க வேண்டும்; அப்பா இல்லையென்றால் அப்பாவின் தம்பி. அவர் கையால் முதல் கம்பம் நட வேண்டும். மனைவி பழைய அடுப்பிலிருந்து நெருப்புக் கொண்டு வர வேண்டும். புது அடுப்பில் சமைத்ததை முதலில் அவர் சாப்பிட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பிள்ளைகளை நோய் பிடிக்கும் என்பார்கள். நோயோடு ஏற்கனவே மல்லுக்கட்டும் பிள்ளையை வைத்துக்கொண்டு எவன் துணிவான்?

எங்கள் அப்பா உயிரோடு இல்லை; அவர் தம்பி, சித்தப்பா ஒகல்லோ, நைரோபியில் ஒரு கிடங்கில் காவல்காரர். நைரோபியின் சாலைகளை மூடியிருந்தார்கள். அதனால் ஒபுரா குடும்பம் பள்ளிக்கூட வகுப்பறையில், தண்ணீருக்குத் தப்பி வந்த வேறு குடும்பங்களோடு அடைந்து கிடந்தது. அங்கே யாராவது இருமினால் அகெயோ மகளின் தலையைத் தன் துணிக்குள் இழுத்துக்கொள்வாள். மருத்துவமனையில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்: இந்தக் கொரோனா மற்றவர்களுக்கு வந்தால் காய்ச்சல், இவளுக்கு வந்தால் காப்பாற்றுவது கஷ்டம்.

ஜூலையில் சாலை திறந்ததும் சித்தப்பா வருவதாகச் சொல்லி அனுப்பினார். ஒபுரா முன்கூட்டியே வேலையை ஆரம்பித்தான். பாத்திரங்களைச் சோப்பு போட்டுக் கழுவி மேட்டில் பாறைமேல் கவிழ்த்தான். மெத்தையைப் புரட்டிப் புரட்டி வெயிலில் காயப் போட்டான். சாமான் தூக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான். எங்கள் ஊரில் குடி போகிறவனுக்குக் கை கொடுக்காமல் இருப்பது அவமானம். கை கொடுக்காதே என்று சொல்வது அதைவிடப் பெரிய அவமானம்.

"எங்க கையில என்ன மலமா ஒட்டியிருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"உன் கை தங்கம்தான் அத்தாச்சி. என் பொண்ணுதான் கண்ணாடி" என்றான்.

கழுதை ஒன்றை வாங்கி வந்து அவனும் அகெயோவும் மட்டுமே எல்லாவற்றையும் ஏற்றினார்கள். நான் கூடப் பிறந்தவள். என்னையும் வேலிக்கு வெளியேதான் நிற்க வைத்தான்.

சித்தப்பா பேருந்திலிருந்து இறங்கி நேராக வந்தார். முகக்கவசம் தாடையில் தொங்கியது.

"என்னடா, கழுதைக்கு வாய்க்கூடை போட்டமாதிரி எல்லாரும் நிக்கிறீங்க?"

"சித்தப்பா, அதைக் கொஞ்சம் மேல ஏத்திக்கங்க" என்றான் ஒபுரா.

சிரித்துக்கொண்டே ஏற்றினார். சொன்னபடி முன்னால் நடந்தார். ஒபுரா, குடி போகிற மகன் கொண்டு போக வேண்டிய சேவலைப் பிடித்துக்கொண்டு வெகு தூரம் விட்டுப் பின்தொடர்ந்தான். அகெயோ, தண்ணீர் புகாத எங்கள் அம்மா வீட்டு அடுப்பிலிருந்து எடுத்த கங்குகளை உடைந்த பானை ஓட்டில் ஏந்தி வந்தாள். அடோயோ கடைசியில். சித்தப்பா கம்பத்தை நட்டு, காலால் மண்ணை மிதித்து இறுக்கினார். "இங்க பிள்ளைங்க சத்தம் நிக்கக் கூடாது" என்று வாழ்த்தினார். அதுவரை எல்லாம் சரியாக நடந்தது.

களியும் ஜிலேபி மீனும் வெந்தன. எங்கள் வீடுகளில் களி ஒரே தட்டில்தான் வரும். எல்லாக் கைகளும் அதில்தான் போகும். ஒபுரா ஒரு சின்னத் தட்டைத் தனியாக எடுத்துக்கொண்டு போய், வேலியோரத்து மரத்தடியில் பெட்டிமேல் வைத்துவிட்டு விலகி வந்தான்.

சித்தப்பா தட்டைப் பார்த்தார். "இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கா? நாய் ஏதாவது வருதோன்னு பாத்தேன்."

"சித்தப்பா, நைரோபியிலேருந்து வந்திருக்கீங்க. அடோயோவுக்காக..."

"உங்கப்பனும் நானும் ஒரே தட்டுல வளந்தவங்கடா. அவன் இருந்தா அவனுக்கும் மரத்தடியில வைப்பியா?"

"வைப்பேன்" என்றான்.

நான் வேலிக்கு வெளியிலிருந்து, "சித்தப்பா, ஒரு வாயாவது எடுங்க, வழக்கத்துக்காவது" என்று கத்தினேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். குரலில் கோபம் இல்லை. "இந்தச் சீக்கு போகட்டும். வந்து உன் தட்டுலயே கை போட்டுத் தின்னுறேன். மீன் பெருசா இருக்கணும்" என்றார். அம்மாவிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் நைரோபி திரும்பினார்.

அடோயோவுக்கு அந்த வருஷம் ஒன்றும் வரவில்லை. ஒபுரா கூட்டம் சேரும் இடம் எதற்கும் போகாமல் மேட்டிலேயே இருந்தான். மகளின் பழைய பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, அந்தக் கம்பத்தைச் சுற்றி எழுப்பிய புதுச் சுவரின் உட்புறம் கரித்துண்டால் எழுதிப் பழகினான். என்னிடம் காட்டவே இல்லை. பெரிய மீன் மாட்டும்போதெல்லாம், "சித்தப்பா இப்ப வந்தா நல்லாயிருக்கும்" என்று அகெயோவிடம் சொல்வானாம். போனில் அழைத்தும் சொன்னான். "வர்றேன்டா, வர்றேன்" என்பாராம் அவர்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில், வேலையிடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே சித்தப்பா போய்விட்டார். மாரடைப்பு. கொரோனா அவருக்குக் கடைசி வரை வரவில்லை.

அவன் செய்தது தவறென்று நான் இன்றும் சொல்லமாட்டேன். சித்தப்பா இருமிக்கொண்டு வந்திருந்தால்? அடோயோவைப் பார்க்கும்போது அவன்தான் சரி என்று தோன்றும். ஆனால் அவன் வீட்டில் களித் தட்டைச் சுற்றி உட்காரும்போது, வாசல் பக்கம் ஓர் ஆள் அளவு இடம் விட்டே உட்காருகிறான்.

சித்தப்பாவை அவர் வளாகத்திலேயே அடக்கம் செய்தோம். இழவு வீட்டில் சாப்பாடு போடக் கூடாது என்பது அப்போதைய உத்தரவு. ஆகவே அவர் வீட்டுத் தட்டிலும் ஒபுராவால் கை வைக்க முடியவில்லை. வாசலில், ஊர் நிர்வாகத்தைப் பார்க்கும் அரசாங்க உதவித் தலைவரின் ஆள் வருகிறவர்களின் பெயரைப் பதிந்துகொண்டிருந்தார். ஒபுரா வழக்கம்போலக் கட்டைவிரலை நீட்டினான்.

"மை கிடையாது. எல்லாரும் தொடுற பொருளு. பேனா வச்சிருக்கியா? இல்லேன்னா உங்கக்கா போடட்டும்."

நான் பேனாவை எடுத்து நோட்டுப் பக்கம் கை நீட்டினேன். அவன் என் பேனாவை வாங்கித் துடைத்தான், குனிந்தான். பின்னால் ஆட்கள் நின்றார்கள், அவசரப்படவில்லை. ஒவ்வோர் எழுத்தாக மெஷாக் ஒபுரா என்று போட்டான். இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்த கட்டத்தில், மகன் என்று எழுதினான்.

அது 2021 பிப்ரவரி 13, சனிக்கிழமை.