வாஞ்ச் வரிசையில் முதல் வெட்டு

ஷீலாவின் வாயைப் பற்றிக் கட்கியில் தெரியாதவர் இல்லை. வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் என் பக்கத்து வீட்டில் வளர்ந்தவள். இந்த வாயை வைத்துக்கொண்டு மாமியாரிடம் எப்படிக் குப்பை கொட்டப் போகிறாளோ என்று கவலைப்பட்டோம். அந்த மாமியாருக்காகக் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

மாமனார் அதே தொழிற்சாலையில் ஓய்வு பெற்று, நாராயண்காவ் பக்கம் திராட்சைத் தோட்டம் வாங்கிப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கணவன் ஹரீஷுக்குத் தளேகாவில் வேலை; ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். மற்ற நாளெல்லாம் தோட்டத்தில் ஷீலாவும் மாமியார் பவுனும்தான்.

இந்த மராத்திப் பக்கம் திராட்சைக்கு வருஷத்தில் இரண்டு கவாத்து. சித்திரை வெயிலில் ஒன்று, கொடி வளர. மழை ஓய்ந்து அக்டோபரில் இன்னொன்று, குலை தள்ள. அக்டோபர் கவாத்துக்கு அந்த வீட்டில் பூஜை உண்டு. பிள்ளை பெற்ற சுமங்கலி ஒருத்திதான் முதல் கொடியை வெட்ட வேண்டும். ஷீலாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. அதனால் ஊரிலிருந்து யாரையாவது அழைத்து வருவார்கள்; ஷீலா எல்லோருக்கும் டீ போடுவாள். அந்த டீயில் சர்க்கரை இருந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

குலை தள்ளாத கொடியை மராத்தியில் ‘வாஞ்ச்’ என்பார்கள். பிள்ளையில்லாத பெண்ணுக்கும் அதே சொல்தான். கிணற்றோரம் ஒரு வரிசை இரண்டு வருஷமாக அப்படி நின்றது. கவாத்துக்கு வந்த ஆட்கள் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, ஷீலாவைக் கண்டதும் பேச்சை விழுங்குவார்கள். பூஜைக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன்; சொன்னதைவிட அந்த விழுங்கல்தான் எனக்கு எரிச்சல்.

போன சித்திரைக் கவாத்து முடிந்ததும் பவுன் ஆரம்பித்தாள்.

“இந்த வருசமும் காய்க்கலன்னா அந்த வரிசைய புடுங்கிடலாம். சும்மா தண்ணி குடிச்சிகினு நிக்குது.”

“நிக்கட்டும் அத்தே. அத நான் பாத்துக்கறேன்.”

அக்டோபரில் வெளியே வரும் குலை, மே மாத வெயிலிலேயே மொட்டுக்குள் உருவாகிவிடும். நிழலில் கிடக்கும் மொட்டு வெறும் இலையைத்தான் விடும். பவுனுக்கோ பச்சையாக வளரும் தளிரை ஒடிக்க மனம் வராது; அந்த வரிசை புதராக மண்டியிருந்தது. ஷீலா பாதிக்கு மேல் ஒடித்துப் போட்டாள். மிச்சத்தை வெயில் படும்படி கம்பியில் பிரித்துக் கட்டினாள். பவுன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது என்று ஷீலா என்னிடம் போனில் சொன்னாள்.

அக்டோபர் பூஜையன்று யாரையும் அழைப்பதற்கு முன்பே ஷீலா தட்டிலிருந்த கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

“ஆறு வருசமா தளிர் கட்டறது நானு, மருந்து தடவறது நானு. வெட்டறதும் நான்தான்.”

“காய்க்கலன்னா ஊரு உன்னத்தாண்டி சொல்லும்.”

“இப்ப மட்டும் வேற யார சொல்லுது?”

நேரே கிணற்றோர வரிசைக்குப் போய் முதல் வெட்டு வெட்டினாள். ஹரீஷ் பூஜைத் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான். நல்ல பையன், வாய்தான் கிடையாது.

தீபாவளிச் சமயத்தில் அந்த வரிசையின் தளிர்களில் கடுகு ஒட்டியதுபோலப் பிஞ்சுக் குலைகள் தெரிந்தன. நவம்பரில் வேளை கெட்ட மழை வந்தது. மாமியாரும் மருமகளும் சண்டையை நிறுத்திவிட்டு, நனைந்துகொண்டே மருந்து அடித்தார்கள். குலைகள் பிழைத்தன. பிப்ரவரியில் கிணற்றோர வரிசை மற்ற வரிசைகளுக்குக் குறையாமல் காய்த்துத் தொங்கியது.

அறுவடையன்று பவுன் கண் கலங்கிவிட்டாள்.

“ராசியான கைடி உனக்கு. கொடியே காய்ச்சிடுச்சி, இனிமே உனக்கும் ஒரு…”

ஷீலா குலையைக் கூடையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“கொடிக்கு வெயில் பத்தல. வெயில் பட்டுது, காய்ச்சிது. அதுக்கும் எனக்கும் முடிச்சு போடாதீங்க அத்தே. இது காய்க்காம போயிருந்தாலும் வர்ற அக்டோபர்ல கத்தரி என் கையிலதான்.”

பவுன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கூடையை இழுத்துப் போட்டாள்.

“வெட்டித் தொல. டீ நான் போடறேன். சக்கரையாவது இருக்கும்.”